சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைகளை அளவிட அசிட்டோநைட்ரைலா, எத்தனாலா?

பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்தான சிப்ரோஃப்ளாக்சசின், மாத்திரையில் சொன்ன அளவு உள்ளதா என்று சோதிக்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் மூன்று வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்தோம்: அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் கலந்த வழக்கமான எச்.பி.எல்.சி. (கரைத்த மருந்தைப் பம்பின் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தி, பிரித்து, புற ஊதா ஒளியால் அளக்கும் முறை), அதே கருவியில் எத்தனால், கரைப்பானே வேண்டாத அகச்சிவப்பு நிறமாலை. இப்போது எத்தனாலில்தான் வேலை நடக்கிறது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அசிட்டோநைட்ரைலின் சிறப்பைப் பலரும் அறிவர்: பாகுத்தன்மை குறைவு, 190 நானோமீட்டர் வரை புற ஊதா ஒளியை மறைக்காது. எத்தனாலுக்கு அந்த எல்லை 210 என்றாலும், சிப்ரோஃப்ளாக்சசினை 278இல் அளப்பதால் அது ஒரு குறையாகாது. தண்ணீரோடு சேர்ந்த எத்தனால் பம்பின் அழுத்தத்தை ஏற்றிவிடுவதே மெய்யான தொல்லை. பிரிகைக் குழாயை 40 டிகிரியில் வைத்தால் அது தணிகிறது.

முடிவைத் தீர்மானித்தது கழிவுதான். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் வீதம் இரவுபகலாக ஓடும் கருவி, நாளொன்றுக்கு 1.44 லிட்டர் கழிவைத் தள்ளும். அசிட்டோநைட்ரைல் நச்சுத்தன்மை உடையது; அது கலந்த கழிவைத் தனிக் கேனில் சேர்த்து, பணம் கொடுத்து எரிக்க அனுப்ப வேண்டும். போதாததற்கு, அது அக்ரைலோநைட்ரைல் உற்பத்தியின் உபபொருள் என்பதால், அந்த ஆலைகள் உற்பத்தியைக் குறைத்த 2008–09இல் உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. எத்தனாலோ எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலின் கரும்பாலைகளில் மிஞ்சும் மொலாசஸிலிருந்தே வடிக்கக் கூடியது.

எத்தனால்தானே என்று கழிவைச் சாக்கடையில் ஊற்றிவிட முடியாது. அதில் மருந்தும் இருக்கிறது. எளிதில் சிதையாத சிப்ரோஃப்ளாக்சசின், சிறிய அளவிலும் பாக்டீரியாக்களிடம் எதிர்ப்பாற்றலை வளர்க்கக் கூடியது. கேன் தொடரத்தான் செய்யும். ஆகவே அதை மெதுவாக நிரப்புவதே வழி. 4.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை விட்டு 2.1 மில்லிமீட்டர் குழாய்க்கு வந்தால், அதே வேகத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரைப்பானே போதும். உண்மையைச் சொன்னால், கரைப்பானை மாற்றியதைவிட இதுவே பெரிய ஆதாயம்.

அகச்சிவப்பு முறையில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. மருந்தைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து வில்லையாக அழுத்தினால் போதும், கரைப்பான் கழிவே இல்லை. ஆனால் அந்த உப்பு இவ்வூர்க் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, சிதைவுப் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதும் கடினம். இன்னொரு பாக்டீரியா எதிர்ப்பு மருந்தான அமாக்சிசிலினுக்கு, 40 டிகிரியில் ஓடும் எங்கள் எத்தனால் ஏற்பாட்டை அப்படியே பரிந்துரைக்கவும் தயங்குகிறேன்: அதன் மூலக்கூறில் உள்ள பீட்டா-லாக்டம் வளையம் நீரில் சிதையக் கூடியது, சூடு அதை விரைவுபடுத்தும்.

மாற விரும்புவோர், விலை மலிவு என்று குடிக்கத் தகாதபடி பிற பொருள் சேர்த்த சாராயத்தை வாங்க வேண்டாம். சேர்த்த பொருளே புற ஊதாவில் உச்சம் காட்டக்கூடும். ஃபார்மகோபியா (மருந்துத் தர நெறிநூல்) முறையிலிருந்து விலகுவதால், புதிய முறையை முழுமையாகச் சரிபார்த்து நிறுவும் வேலைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.