பட்டாணிக்கு வாங்கிய மூன்று விளக்குகள்

மகன் புனேவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது பைக்கை விற்றான், கிடாரை நண்பனிடம் கொடுத்தான், ஆமையை என் தலையில் கட்டினான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள ஆமை, பெயர் பட்டாணி. இப்போது என் உள்ளங்கையில் அடங்காது.

பெங்களூர் அல்சூரில் சந்துக்குள் தரைத்தள வீடு எங்களுடையது. காலை வெயில் எதிர்வீட்டு மாடியோடு நின்றுவிடும். ஜூலை, ஆகஸ்டில் அதுவும் இல்லை. போன மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது பட்டாணியைத் தூக்கினேன். ஓட்டின் பின் ஓரம் கட்டைவிரலுக்கு அமுங்கியது, நமத்துப்போன அப்பளம் மாதிரி.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "தொட்டிக்கு என்ன விளக்கு போட்டிருக்கீங்க?" ஹாலில் எரியும் டியூப்லைட்டைச் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகுமாம். அது இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஜன்னலோரம் வைத்துப் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கால்சியத்துக்காகத் தொட்டிக்குள் கணவாய் ஓடு போடச் சொன்னார். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தார்கள்.

விளக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில் வளையும் கழுத்தும் கிளிப்பும் வைத்த ஊதா எல்இடி விளக்கை எடுத்துக் காட்டினார்கள். "சூடும் வரும், யுவிபியும் வரும், ரெண்டும் இதுலயே இருக்கு மா." 850 ரூபாய். பெட்டியில் கூலிங்கிளாஸ் போட்ட ஆமைப் படம் இருந்தது. கதிரின் அளவு பற்றி ஒரு எண்கூட இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் எரியவிட்டேன். அதன் கீழே வைத்த தெர்மாமீட்டர் 26 டிகிரி காட்டியது, அறையிலும் அதே 26. ஏறிக் குளிர்காயத் தொட்டிக்குள் வைத்திருந்த செங்கல்லைப் பட்டாணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகனிடம் புலம்பினேன். யுவிபி பட்டால் நிறம் மாறும் சிறு அட்டை ஒன்றைக் கூரியரில் அனுப்பினான். மொட்டை மாடி வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் நிறம் ஏறியது. ஊதா விளக்கின் கீழ் அரைமணி நேரம் வைத்தேன், அட்டை வெளுப்பாகவே இருந்தது. ஊதாவாக எரிந்துவிட்டால் யுவிபி ஆகிவிடுமா என்ன?

இரண்டாவது விளக்கு எலெக்ட்ரிகல் கடையில் வாங்கிய 50 வாட் சாதாரண ஹாலஜன். சூட்டுக்கு அது போதும். முதலில் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டி, வாடை அடித்ததும் பதறி அணைத்தேன். பீங்கான் ஹோல்டரும் அலுமினியக் குடையும் கட்டாயம் வேண்டும். இப்போது செங்கல்லின் மேல் 32, 33 டிகிரி நிற்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. 5.0 என்று யுவிபி அளவைக் குறிக்கும் எண் அச்சிட்ட 26 வாட் யுவிபி சிஎஃப்எல், ஆன்லைனில் 1,900 ரூபாய். மகனின் பழைய ஸ்கேலால் அளந்து, பட்டாணியின் முதுகுக்கு 25 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டேன். நடுவில் கண்ணாடி மூடி கூடாது, கம்பி வலைகூடக் கதிரைக் குறைக்கும். அட்டை இதில் நிறம் மாறியது.

குறையும் உண்டு. யுவிபி தீர்ந்துபோனாலும் பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். மாட்டிய தேதியை அதன் அடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். வெளிச்சம் விழுகிற வட்டமும் சின்னது. பெரிய தொட்டிக்கு நீள டி5 யுவிபி டியூப்தான் சரி. என் தொட்டி இரண்டடி, செங்கல் ஒன்றே ஒன்று, அதனால் சமாளிக்கிறேன்.

காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை டைமர் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பல்புக்குமாக மாதம் சுமார் 23 யூனிட். "இந்தச் செலவுக்கு ஏரியில விட்டுடலாமே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இந்த வகை ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது, ஏரியில் விட்டால் நம்மூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆறு மாதமாயிற்று. ஓட்டின் ஓரம் இப்போது அமுங்குவதில்லை. ஹாலஜன் எரிந்த பத்தாவது நிமிடம் பட்டாணி செங்கல் ஏறி, பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரல்களை விசிறி மாதிரி விரித்துப் படுத்துவிடுகிறது.

ஊதா விளக்கைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. கொலுவுக்கு, பாற்கடல் படிக்குப் பின்னால் வைக்கலாமென்று பரண்மேல் போட்டிருக்கிறேன்.