செக்ரோல் கணக்கு: நிரை நிரையாகவா, நிரலாகவா, எஸ்கியூஎல்லிலா?

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். 600 பேர், 25 நாள், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடம்) ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மாதம் முடியும்போது செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவேடு) 45,000 நிரை உள்ள சிஎஸ்வி கோப்பாகக் கையில் இருக்கும். அதிலிருந்து ஓவர் கிலோவும் (குறித்த அளவுக்கு மேல் பறித்த கிலோ), ஈபிஎஃப், ஈடிஎஃப் என்ற ஊழியர் நிதிப் பங்குகளும் போட வேண்டும். பைதன் தெரிந்தவருக்கு மூன்று வழி.

முதல் வழி, அட்டவணைகளைக் கையாளும் பைதன் நூலகமான பாண்டாஸில் இடர்ரோஸ் (iterrows) போட்டு நிரை நிரையாக ஓடுவது. கணக்கப்பிள்ளை பேர் பேராகப் பார்த்து எழுதுகிற மாதிரி என்பதால் முதலில் கைக்கு வருவதும் இதுதான். ஆனால் ஒவ்வொரு நிரைக்கும் புதிதாக ஒரு சீரிஸ் (பாண்டாஸின் ஒற்றைப் பட்டியல்) உருவாகிறது. அதைவிட மோசம் உள்ளே நடப்பது. அன்றைய நோர்ம் (ஒருவர் அன்று பறிக்க வேண்டிய அளவு) எத்தனை கிலோ என்று அறிய நோர்ம் அட்டவணையை ஒவ்வொரு தடவையும் வடிகட்டுவார்கள். நாலு டிவிசன், 25 நாள் என்றால் அதில் 100 நிரை. 45,000 தடவைக்கு 45 லட்சம் ஒப்பீடு. அப்ளைக்கு (apply) மாறி, நிரைக்கு நிரை ஓடச் சொல்லும் அக்சிஸ் 1 கொடுத்துவிட்டு வேகமாக்கிவிட்டோம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் உள்ளே இதே சுற்றுதான், வேஷம் மட்டும் வேறு.

இரண்டாவது, நிரலோடு நிரலாகக் கணக்கிடுவது. என் ஓட்டு இதற்கே. மூன்று நிறுவையையும் ஆள், நாள், டிவிசன் என்று குரூப்பையில் (groupby, ஒரே வகை நிரைகளைச் சேர்ப்பது) கூட்டினால் 45,000 நிரை 15,000 ஆகிவிடும். முன்கூட்டியே சோர்ட் பண்ணத் தேவையில்லை, குரூப்பை தானே வரிசைப்படுத்தும். நோர்மை மெர்ஜில் (merge, இரண்டு அட்டவணையை இணைப்பது) ஒரே தடவை சேர்த்து, கிலோவிலிருந்து கழித்து, கிளிப்பில் (clip) கீழெல்லை பூச்சியம் என்று கொடுத்தால் ஓவர் கிலோ வந்துவிடும். ஒரு இஃப் கூட வேண்டாம்.

ஈபிஎஃப் ஆளின் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12, ஈடிஎஃப் 3. இவற்றை மாதச் சம்பளம் கூட்டிய பிறகு 600 நிரையில் போட்டால் போதும். நாளுக்கு நாள் போட்டுக் கூட்டுவது கணினிக்குப் பெரிய பாரம் இல்லைதான். ஆனால் தினமும் சதத்தை முழுமையாக்கினால் மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் சில சதம் உதைக்கும். பிறகு சம்பளத்தன்று யார் பதில் சொல்வது?

வருடக் கணக்குக்கு 12 கோப்புகளைச் சேர்க்கும்போதும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. லூப்புக்குள் ஒவ்வொன்றாக கொன்கட் (concat, அட்டவணைகளை ஒட்டுவது) செய்தால் முன்பு சேர்த்தது எல்லாம் திரும்பத் திரும்பக் கொப்பி ஆகும்: 12 மாதத்துக்கு 78 மாத அளவு டேட்டா. லிஸ்டில் போட்டு வைத்துக் கடைசியில் ஒரே கொன்கட். பாண்டாஸ் 2.0 இல், 2023இல், இப்படி ஒவ்வொன்றாக ஒட்டப் பயன்பட்ட டேட்டாபிரேமின் (பாண்டாஸ் அட்டவணை) அப்பெண்டையே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது எஸ்கியூலைட், அதாவது ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூஎல் தரவுத்தளம். ஒரு மாதக் கணக்குக்கு இது வீண் வேலை. பல வருட செக்ரோல் சேர்ந்து, அடிக்கடி ஒரே ஆளின் பழைய பேர்க் கணக்கை (வேலை செய்த நாள்) தேட வேண்டியிருந்தால், ஆள் நம்பருக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) போட்ட எஸ்கியூலைட்தான் சரி. ஆனால் செலக்ட் ஸ்டார் (எல்லாவற்றையும் எடு என்ற கட்டளை) போட்டு அத்தனையையும் பாண்டாஸுக்கு இழுத்து, அங்கே வடிகட்டுவதென்றால் சிஎஸ்வியே போதுமே.

சம்பளத் துண்டை ஆளுக்கு ஒன்றாக அச்சடிக்கும்போது மட்டும் தாராளமாக லூப் போடலாம். 600 துண்டுக்கு 600 சுற்று. அங்கே இடர்ரோஸுக்குப் பதில் இடர்டுப்பிள்ஸ் (itertuples) போடுங்கள், நிரைக்கு ஒரு சீரிஸ் உருவாகாது.