லைஃப் ஜாக்கெட் சோதனை: டார்ச் வெளிச்சமா, ஆர்.எஃப்.ஐ.டி. ரீடரா?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானம் 1,300 கி.மீ.க்கு மேல் கடல்மீதே பறக்கிறது. சீட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் இருந்தே ஆக வேண்டும். ஞாபகார்த்தமாக உருவிக்கொண்டு போகும் பயணிகளும் இருக்கிறார்களே!

கையால் சோதிப்பதென்றால், மீனம்பாக்கத்தில் இரவு நிற்கும் விமானத்துக்குள் டெக்னீஷியன் டார்ச்சோடு ஒவ்வொரு சீட்டாகக் குனிய வேண்டும். 180 சீட் என்றால் 180 முறை. உறை, சீல், காலாவதித் தேதி எல்லாம் பார்க்க வேண்டும். பாதி தாண்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். அசதியில் ஒரு தேதி கண்ணில் படாமல் போகலாம்.

ஆர்.எஃப்.ஐ.டி. என்பது டேக் எனும் சிறு சில்லை, தொடாமலே ரேடியோ அலையால் ரீடர் கருவி படிக்கும் முறை. இதில் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் பேட்டரி தேவைப்படாத ஒரு டேக். ரீடரை ஏந்தி நடைபாதையில் நடந்தால், எது காணவில்லை, எதற்குத் தேதி நெருங்குகிறது என்று சில நிமிடங்களில் திரையில் வந்துவிடும். ஜாக்கெட் மட்டுமல்ல, டேக் ஒட்டிய எந்த அவசரகாலப் பொருளைக் கழற்றினாலும் அதற்கும் பதிவு இருக்கும். அது முக்கியம்: தேதி முடிந்து கழற்றிய ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்கள் (பயணிகளின் முகமூடிக்கு ஆக்ஸிஜன் தருபவை, இயங்கினால் கடுமையாகச் சூடாகும்) பாதுகாப்பு மூடியில்லாமல் சரக்கறையில் ஏறியதால்தான், 1996-இல் ஃப்ளோரிடாவில் வேல்யூஜெட் 592 விமானம் தீப்பிடித்து விழுந்தது, 110 பேர் இறந்தார்கள்.

ஆனால் உறை கிழிந்திருப்பதை டேக் சொல்லாது. தீயணைப்பானின் அழுத்தமுள் பச்சையில் நிற்கிறதா என்பதையும் கண்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கும் தேதிக்கும் ரீடர், பொருளின் நிலைக்குக் கண் என்பதே என் கட்சி. நாலைந்து விமானம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு டேக் செலவு கட்டுப்படியாகாவிட்டால், கைச்சோதனையே போதும். ஆளுக்குப் பாதி விமானம் என்று இருவருக்குப் பிரித்துக் கொடுக்கட்டும்.