வருஷக்கணக்கில் போடும் ஆஸ்துமா ஊசி: எதில் எந்த ஆபத்து?

மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலோர் கேட்பது, "எத்தனை வருஷம் போடணும், போட்டா பின்னாடி என்ன வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் தேடிப் போனால் கிடைப்பது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள நீளமான பட்டியல். தலைவலியும் அதில் இருக்கும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும் அதே பொடி எழுத்தில் இருக்கும். படித்து முடித்தால் பயம் மிஞ்சும், எதை எதோடு ஒப்பிடுவது என்பது மட்டும் பிடிபடாது. என்னைக் கேட்டால் மருந்து மருந்தாகப் பார்ப்பதைவிட நேரம் நேரமாகப் பார்ப்பது நல்லது: ஊசி போட்ட முதல் மணி நேரத்தில் என்ன ஆகலாம், முதல் வருஷத்தில் என்ன ஆகலாம், பல வருஷம் போன பிறகு என்ன ஆகலாம். இந்த மூன்றிலும் ஒரே மருந்து ஜெயிப்பதில்லை, அதனால்தான் "எது ரொம்பப் பாதுகாப்பு?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் யாராலும் பதில் சொல்ல முடிவதில்லை.

களத்தில் இருப்பவை பயாலஜிக் வகை ஊசிகள், அதாவது அழற்சியைக் கிளப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ அணுவையோ மட்டும் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்துகள். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமலிசுமாப் (ஸோலேர்) மூத்தது, ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2015-இல் மெபோலிசுமாப் (நுகாலா), 2016-இல் ரெஸ்லிசுமாப், 2017-இல் பென்ராலிசுமாப் (ஃபாசென்ரா) வந்தன. இந்த மூன்றும் ஈசினோஃபில் எனும் வெள்ளையணுக்களைக் குறிவைப்பவை. 2018-இல் ஆஸ்துமாவுக்கு வந்த டுபிலுமாப் (டுபிக்சென்ட்) அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-4, 13 என்ற இரண்டு புரதங்களின் வேலையையும் தடுக்கும். 2021 கடைசியில் வந்த டெசெபெலுமாப் (டெஸ்ஸ்பைர்) இன்னும் மேலே, மூச்சுக்குழாயின் உள்தோல் எழுப்பும் முதல் அபாயக் குரலையே அடக்கப் பார்க்கும்.

முதலில், ஊசி போடாவிட்டால் என்ன?

இந்த ஊசிகள் சாதாரண இளைப்புக்குத் தரப்படுவதில்லை. அதிக டோஸ் இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தும் திரும்பத் திரும்ப அட்டாக் வருகிறவர்களுக்குத்தான் தருகிறார்கள். அப்படிப்பட்டவர் ஊசி வேண்டாம் என்றால் அவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டு மாத்திரை, அல்லது வருஷத்துக்குச் சில தடவை அதை ஐந்து நாள், ஏழு நாள் என்று விழுங்கும் கோர்ஸ். இதைப் பக்கத்தில் வைக்காமல் ஊசியின் ஆபத்தை மட்டும் பேசுவது அர்த்தமில்லாத பேச்சு.

ஸ்டீராய்டு மாத்திரையின் கணக்கு நமக்கு நன்றாகவே தெரிந்தது. எலும்பு மெலிவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, கண் அழுத்தம், எடை, தூக்கமின்மை, தொற்று. தினமும் போடுபவருக்குத்தான் இதெல்லாம், எப்போதாவது ஒரு கோர்ஸ் போட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. வாழ்நாளில் நான்கைந்து கோர்ஸ் சேர்ந்தாலே இந்தப் பாதிப்புகளின் வாய்ப்பு கூடத் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மொத்தமாக அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் பிரெட்னிசோலோன் உடம்புக்குள் போனவர்களிடமே அது தெரிந்தது. தீவிர ஆஸ்துமாக்காரர் அந்த அளவை ஒரே வருஷத்தில் தாண்டிவிடுவார்.

"மாசம் ஒரு ஊசி போட்டேன், மூச்சு பிரமாதமா இருக்கு" என்று சிலர் சொல்வார்கள், விசாரித்தால் அது பயாலஜிக்காக இருக்காது, டிரையம்சினோலோன் போன்ற மெல்லக் கரையும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பியை வாரக்கணக்கில் தூங்க வைக்கும் சமாச்சாரம் அது. மாத்திரையையாவது டோஸ் குறைக்கலாம், உள்ளே போன அந்த ஊசியைக் குறைக்கவும் வழியில்லை. இந்தப் பட்டியலில் நான் துணிந்து கடைசி இடம் கொடுப்பது அதற்குத்தான்.

முதல் மணி நேரம்

இங்கே முன்னால் நிற்கும் பிரச்சினை அனாஃபிலாக்சிஸ். ஊசி போட்டதும் உடம்பு முழுக்கத் தடித்து, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரியும் அந்த நிலை. ஓமலிசுமாபுக்கு இதற்காக 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது, மருந்துத் தாளில் போடுவதிலேயே கடுமையான எச்சரிக்கை அது. சந்தைக்கு வந்த பிறகு கிடைத்த புகார்களை வைத்துப் பார்த்தால், போட்டுக்கொண்டவர்களில் குறைந்தது 0.2 சதவீதம் பேருக்கு வந்திருக்கிறது. ஆயிரத்தில் இரண்டு பேர். ரெஸ்லிசுமாபுக்கும் அதே கட்டம் உண்டு, சோதனைகளில் 0.3 சதவீதம், அது நரம்பு வழியாக ஏற்றும் மருந்து என்பதால் எப்படியும் மருத்துவமனையில்தான் நடக்கும். மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப் நான்கிலும் ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது, கறுப்புக் கட்டம் இல்லை.

ஓமலிசுமாபில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையைவிட நேரம். பதிவான சம்பவங்களில் 39 சதவீதம் முதல் ஊசியிலும், 19 இரண்டாவதிலும், 10 மூன்றாவதிலும் வந்தவை. மீதி அப்புறம்தான், ஒரு வருஷம் ஒழுங்காகப் போட்ட பிறகு வந்ததும் உண்டு. ஊசி போட்டு அரை மணிக்குள் வந்தவை 35 சதவீதம் மட்டுமே. பன்னிரண்டு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு வந்தவையும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. முதல் மூன்று ஊசிக்கு இரண்டு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். "எனக்குத்தான் பத்து தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுந்து போய்விடுகிறவர்கள் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் வசதி 2021-இல் வந்தபோதும், முதல் மூன்று டோஸை மருத்துவமனையில் போட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்குத்தான் அது என்று நிபந்தனை வைத்தார்கள்.

தூசிப்பூச்சி, மகரந்தம் ஆகியவற்றையே சிறிது சிறிதாக ஏற்றும் பழைய அலர்ஜி ஊசியையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்பதுண்டு. அதில் உயிர்போகும் நிகழ்வு ஏறக்குறைய 25 லட்சம் ஊசிக்கு ஒன்று என்பது பழைய அமெரிக்கக் கணக்கு. மிக அரிது, ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா இருந்தவர்களுக்கு நடந்தவை. ஆகவே தீவிர ஆஸ்துமாக்காரருக்கு அது போட்டி மருந்தே இல்லை.

முதல் வருஷம்

இந்தக் கட்டத்தில் நோயாளியைப் பதறவைப்பது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைத் தாள். மூன்று மருந்துக்கும் மூன்று விதமாக வரும். ஓமலிசுமாப் போடுபவரின் மொத்த ஐஜிஇ குறையாது, ஏறும். மருந்தோடு ஒட்டிக்கொண்ட ஐஜிஇ மெதுவாக வெளியேறுவதால் தாளில் பல மடங்கு காட்டும், நிறுத்திய பிறகும் ஒரு வருஷம் வரை அப்படியே இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, டோஸை மாற்றவும் அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை. பென்ராலிசுமாப் போடுபவருக்கு ஈசினோஃபில் ஏறக்குறைய பூஜ்யம் என்று வரும், லேப் அதை அசாதாரணம் என்று குறித்தும் அனுப்பும். அது எதிர்பார்த்ததுதான்.

மூன்றாவது தாளை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. டுபிலுமாப் தொடங்கிய பிறகு சிலருக்கு ரத்த ஈசினோஃபில் ஏறும், பெரும்பாலோருக்குத் தானாக இறங்கிவிடும். ஏறிய எண்ணோடு காய்ச்சல், தோலில் ரத்தப்புள்ளிகள், கை கால் மரத்துப்போதல், மூச்சு மோசமாவது என்று எதாவது சேர்ந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், உடனே காட்டியாக வேண்டும். தொடங்கும் முன்பே ஈசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருந்தவர்களை இதன் ஆஸ்துமா சோதனைகளில் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்து பற்றிய சான்று மெலிதானது, மெபோலிசுமாப் பக்கம் போவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கண் சிவப்பு, உறுத்தல் டுபிலுமாபோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு விஷயம். அது தோல் அழற்சிக்காகப் போடுபவர்களிடம் அதிகம், ஆஸ்துமாவுக்கு மட்டும் போடுபவர்களிடம் குறைவு.

இதே ரத்தக்குழாய் அழற்சி ஓமலிசுமாபிலும் அரிதாக வந்திருக்கிறது. பல சமயம் புதிதாக வந்தது இல்லை, அதுவரை ஸ்டீராய்டு மூடி வைத்திருந்ததுதான் மாத்திரையைக் குறைத்ததும் வெளியே வந்திருக்கிறது.

மாத்திரை குறைப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இது ஊசியின் பக்கவிளைவுப் பட்டியலில் வராது. ஊசி நன்றாக வேலை செய்கிறது, மூச்சு லேசாகிறது, இனி எதற்கு ஸ்டீராய்டு என்று நோயாளியே மாத்திரையை விட்டுவிடுகிறார். உள்ளே அட்ரீனல் இன்னும் விழிக்கவில்லை. பென்ராலிசுமாப் கொடுத்து ஸ்டீராய்டைக் குறைத்துப் பார்த்த பொனென்டே ஆய்வில், முதல் பரிசோதனையில் 60 சதவீதம் பேருக்கு அட்ரீனல் முழுதாகவோ பாதியோ வேலை செய்யாமல் இருந்தது, சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் 38 சதவீதம். மயக்கம், வாந்தி, கடுமையான சோர்வு என்று வந்து நிற்கும்போது பழி ஊசி மேல் விழும். அட்ரீனல் சுரக்கும் கார்டிசோலின் காலை நேர அளவைப் பார்த்து, படிப்படியாகக் குறைத்தால் தவிர்க்கக்கூடியது இது. சந்தேகமே வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல வருஷம் கழித்து

கேன்சர் பயம் ஓமலிசுமாபின் முதல் சோதனைகளிலிருந்தே வந்தது. அங்கே மருந்து போட்டவர்களில் 0.5 சதவீதம், போடாதவர்களில் 0.2 சதவீதம் என்று வித்தியாசம் தெரிந்தது. அதைச் சரிபார்க்கத்தான் சுமார் எட்டாயிரம் பேரை ஐந்து வருஷம் வரை தொடர்ந்த எக்செல்ஸ் ஆய்வு. அதில் ஆயிரம் பேர்-வருஷத்துக்கு, அதாவது ஆயிரம் பேரை ஒரு வருஷம் பார்த்த கணக்கில், போட்டவர்களிடம் 12.3, போடாதவர்களிடம் 13.0. வித்தியாசம் இல்லை. எல்லாக் கேன்சருக்கும் சேர்த்து ஐந்து வருஷம் போதுமா என்று கேட்டால் போதாது, ஆனால் முதலில் எழுந்த பயம் அந்த அளவில் நிற்கவில்லை.

அதே ஆய்வு எதிர்பாராமல் வேறொன்றைக் கிளப்பிவிட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள், அதே ஆயிரம் பேர்-வருஷக் கணக்கில், போட்டவர்களிடம் 13.4, போடாதவர்களிடம் 8.1. 2014-இல் எஃப்டிஏ இதை மருந்துத் தாளில் சேர்க்கச் சொன்னது. இங்கே நிதானம் தேவை: ஊசி போட்ட குழுவில் தீவிர ஆஸ்துமாக்காரர்கள் மிக அதிகம், தீவிர ஆஸ்துமாவே இதயத்துக்கு நல்லதில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் நடத்திய 25 இரட்டைக் குருட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவை குறுகிய காலச் சோதனைகள், அதனால் அதை வைத்து முழு நிம்மதியும் அடைய முடியாது. டெசெபெலுமாபின் இரண்டு வருஷ ஆய்விலும் தீவிர இதய நிகழ்வுகள் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தன, மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, ஐரோப்பிய மருந்துத் தாளில் எச்சரிக்கை இருக்கிறது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்து மீண்டவர் என்றால், மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது நான் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

அந்த இரண்டின் மேலும் ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. ஈசினோஃபிலை வருஷக்கணக்கில் இல்லாமல் ஆக்கினால் உடம்பு சும்மா இருக்குமா? மெபோலிசுமாபை நான்கரை வருஷம் வரையும் பென்ராலிசுமாபை ஐந்து வருஷம் வரையும் தொடர்ந்து பார்த்ததில் புதிதாக எதுவும் தலைகாட்டவில்லை. மெபோலிசுமாபில் அக்கி வந்த சில சம்பவங்கள் உண்டு, தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி முன்கூட்டியே பேசிவிடலாம். டுபிலுமாபும் டெசெபெலுமாபும் போடும் காலத்தில் உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

குடற்புழு விஷயம் பலர் தாண்டிப் போய்விடும் ஒன்று. ஐஜிஇ, ஈசினோஃபில் இரண்டுமே புழுக்களை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் ஆயுதங்கள். பிரேசிலில் புழுத்தொற்று வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் ஓமலிசுமாப் போட்ட 68 பேரில் 36 பேருக்கும், போலி மருந்து போட்ட 69 பேரில் 29 பேருக்கும் புழு வந்தது. பெரிய வித்தியாசமில்லை, தொற்றும் மோசமாகவில்லை. இருந்தாலும் புழு இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் ஊசி தொடங்க வேண்டும். மலப் பரிசோதனை ஒன்று, தேவைப்பட்டால் மாத்திரை, அவ்வளவுதான் வேலை.

கர்ப்பம் பற்றிச் சுருக்கமாக: அதிகத் தரவு இருப்பது ஓமலிசுமாபுக்கு. கர்ப்பிணிகளின் பதிவேட்டில் குழந்தைகளின் பெரிய பிறவிக் குறைபாடு 8.1 சதவீதம், இதே மாதிரி ஆஸ்துமா இருந்து இந்த மருந்து போடாத தாய்மார்களின் குழந்தைகளில் 8.9. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு முதல் மணி நேர ஆபத்தைத் தாண்டியும் பழைய மருந்தே மேலாகத் தோன்றும் இடம் இது.

நிறுத்தினால்?

சரி, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினாலும் மருந்து உடனே போகாது. ஓமலிசுமாப், டெசெபெலுமாப் இரண்டும் பாதியாகக் குறையவே சுமார் 26 நாள் ஆகும், பென்ராலிசுமாபுக்கு ஏறக்குறைய 15 நாள். முழுக்க வெளியேற மாதக்கணக்கு. பக்கவிளைவும் அதுவரை கூட வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெபெமோகிமாப் என்ற புதிய பயாலஜிக்கின் சோதனை முடிவுகள் 2024-இல் வந்தபோது வசதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் இரண்டும் தெரிகிறது: ஊசி குறையும், வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்கும் காலம் நீளும்.

மறுபக்கம், நிறுத்துவதே ஓர் ஆபத்து. சுமார் ஐந்து வருஷம் ஓமலிசுமாப் போட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குத் தெரியாமல் நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த ஒரு வருஷம் அட்டாக்கே இல்லாமல் இருந்தவர்கள், தொடர்ந்தவர்களில் 67 சதவீதம், நிறுத்தியவர்களில் 47.7. இதையே திருப்பிப் பார்த்தால் நிறுத்தியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சமாளித்துவிட்டார்கள் என்றும் ஆகிறது. அந்தப் பாதியில் நீங்கள் இருப்பீர்களா என்று முன்கூட்டியே சொல்ல உறுதியான பரிசோதனை எதுவும் கிடையாது. அதனால் நிறுத்திப் பார்ப்பதென்றால் அட்டாக் இல்லாமல் நல்ல காலம் ஓடிய பிறகு, வழக்கமாகத் தொந்தரவு தரும் பருவம் தாண்டியதும், இன்ஹேலரைக் குறைக்காமல், அவசரத்துக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நிறுத்துங்கள்.