1964 பிளைமவுத்தின் பட்டன் கியர்பாக்ஸ்: ஆறு வருடம் பாகம் தேடி, செய்து, ஓட்டிய அனுபவம்

வண்டி 1964 பிளைமவுத் ஃபியூரி, 383 கன அங்குல எஞ்சின், நாலு பேரல் கார்புரேட்டர். கியர் மாற்ற லீவர் கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் டேஷ்போர்டில் ஐந்து பட்டன் (ஆர் ரிவர்ஸ், என் நியூட்ரல், டி டிரைவ், அப்புறம் 2, 1), பக்கத்தில் பார்க் போட ஒரு சின்ன நெம்பு, அவ்வளவுதான். கிரைஸ்லர் 1956 மாடலில் தொடங்கிய இந்தப் பட்டன் ஏற்பாடு 1964 மாடலோடு முடிந்துபோனது. ஆறு வருடத்துக்கு முன் டெட்ராய்ட் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டிலிருந்து வாங்கினேன். "கியர்பாக்ஸ் கொஞ்சம் ஸ்லிப் ஆகும், ஆனால் 727தானே, பாகம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்" என்றார் விற்றவர். நானும் நம்பித் தலையாட்டினேன். அவர் சொன்னதில் பாதி உண்மை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 727 டார்க்ஃப்ளைட் என்ற இந்த கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 1962இல் வந்தது, அப்புறம் பல வருடம் கார், டிரக், ஜீப் என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். அதனால் கிளட்ச் தட்டுகள், ஸ்டீல் தட்டுகள், சீல், கேஸ்கெட், பேண்ட் (உள்ளே டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) எல்லாம் இன்றைக்கும் ஒரே செட்டாகக் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆறு வருடமாக உள்ளே போட்ட தட்டுகள் அப்படியே இருக்கின்றன.

சிக்கல் எல்லாம் 62 முதல் 65 வரையான பெட்டிக்கு மட்டும் உள்ள பாகங்களில்தான். இந்த நாலு வருடத்துப் பெட்டிகளில் பின்பக்கமும் ஒரு ஆயில் பம்ப் உண்டு, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை மாட்டும் வால் பகுதியில், செருகும் ஸ்லிப் யோக்குக்குப் பதில் போல்ட் போடும் ஃபிளேஞ்ச் வரும், 66இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கன்வெர்ட்டருக்குள் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போகும் ஷாஃப்டில் 19 பல், பிற்காலத்தில் 24. கடையில் அலமாரியில் இருக்கும் கன்வெர்ட்டர் எல்லாம் 24தான். போதாததற்கு 727இல் எஞ்சினோடு போல்ட் போடும் முன்பகுதியான பெல் ஹவுசிங் தனியாகக் கழலாது, பெட்டியோடு சேர்த்து வார்த்தது, ஆகவே 318 எஞ்சினிலிருந்து எடுத்த பெட்டியை 383இல் மாட்ட முடியாது. இது தெரியாமல் முதல் மாதமே பாகம் எடுக்க ஒரு பழைய 'டோனர்' பெட்டியை 200 டாலருக்கு வாங்கி வந்து, எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பேசவே இல்லை என்று கண்டு, அதைத் திரும்ப விற்க எட்டு மாதம் ஆனது. வாங்குவதற்கு முன் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகத்தைப் பாருங்கள். எந்தப் பாகம் எந்த வருடத்துக்குப் பொருந்தும் என்று பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்காரர்கள் பார்க்கும் புத்தகம் அது, பழைய பதிப்பாக இருந்தால் நல்லது.

கன்வெர்ட்டரைத் தேடுவதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். இருந்ததையே ஒரு கன்வெர்ட்டர் கடையில் கொடுத்து, லேத்தில் வெட்டித் திறந்து, கழுவி, உள்ளே பேரிங் மாற்றி, மறுபடி வெல்டு செய்து பேலன்ஸ் பார்த்து வாங்கினேன். 350 டாலர். இந்த ஆறு வருடத்தில் செலவழித்ததில் உருப்படியான பணம் இதுதான்.

அடுத்தது கேபிள். பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு கேபிள்தான் கியர்பாக்ஸில் உள்ள வால்வை இழுக்கவும் தள்ளவும் செய்கிறது, பார்க்குக்குத் தனிக் கேபிள். பழைய கேபிள் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து இறுகியிருந்தது. புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்று ஒன்றை வரவழைத்தேன் (எங்கிருந்து என்று சொல்லப்போவதில்லை). பார்க்க அசல் போலவே இருந்தது. மாட்டினால் டி அழுத்தும்போது வண்டி நகர்ந்தது, சந்தோஷம். ஆனால் சூடானதும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி யோசிக்கும். இரண்டு வாரம் திராட்டில் ராடைச் சரிசெய்து பார்த்தேன், பேண்டை வெளியிலிருந்து 72 அங்குல-பவுண்டுக்கு முடுக்கிப் பின்வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பழையதையும் புதியதையும் தரையில் நீட்டி வைத்தபோதுதான் தெரிந்தது: புதியதன் முனைக்கொக்கியில் துளை சற்றுப் பெரிது, ஆகவே ஒவ்வொரு பட்டனுக்கும் கொஞ்சம் ஆட்டம், டி என்று நான் நினைக்கும் இடத்தில் வால்வு முழுதாகத் திறந்திருக்காது. பிரஷர் குறையும், கிளட்ச் வழுக்கும், கொஞ்ச நாள் அப்படி ஓட்டினால் தட்டு கருகும். அசலைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பார்த்த அசல் ஐம்பது வருடம் ஓடித் துளை தேய்ந்துபோனது! தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டார்கள். துளைக்குள் ஒரு பித்தளைப் புஷ் திணித்து நானே சரிசெய்தேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. அட்ஜஸ்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆர் பட்டனை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வண்டிக்கு அடியில் படுத்து கேபிள் முனையில் உள்ள சக்கரத்தைத் திருக வேண்டும். என் மனைவி இப்போது எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இனி பின் பம்ப். இது இருந்தால்தான் பேட்டரி செத்துப்போன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும், ஏனென்றால் சக்கரம் சுற்றினாலே பிரஷர் வரும். என் பெட்டியில் அதன் இரண்டு கியரும் சிராய்த்துப் போயிருந்தன. "கழற்றி எறி, முன் பம்ப் போதும்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். இல்லாமலும் ஓடும்தான். ஆனால் பட்டன் வண்டியை வைத்துக்கொண்டு தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதென்றால் எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. இரண்டு ஜூலை பென்சில்வேனியாவில் கார்லைல் கிரைஸ்லர் நேஷனல்ஸ் சந்தைக்குப் போனேன், கிடைத்த கியர்கள் என்னுடையதைவிட மோசம். என்.ஓ.எஸ். (அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடந்த புதுப் பாகம்) என்று ஒருவர் ஒட்டிய அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார், திறந்து பார்த்தால் முன் பம்ப் கியர்.

பிறகு எங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்ற ஒரு டூல் அண்ட் டை (அச்சு, கருவி செய்யும் தொழில்) பெரியவர் கிடைத்தார். கியரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அவர் கேட்ட முதல் கேள்வி: "இது தேய்ந்து இப்படி ஆனதா, பிறந்ததே இப்படித்தானா?" கேபிளில் பட்ட அடிக்குப் பிறகு அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது. கியரை அளந்து அதையே செய்யவில்லை அவர். பம்ப் ஹவுசிங்கின் குழித் தரையை முதலில் லேப்பிங் செய்து (பொடி வைத்துத் தேய்த்து) சமமாக்கினார், குழியின் ஆழத்தை அளந்தார், சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் இடைவெளியை அதிலிருந்து கழித்தார், அதுதான் கியரின் தடிமன். பழைய கியர் அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு குறைவு. பல்லின் வடிவத்துக்கு இன்னொரு யுக்தி: பம்ப் பெரும்பாலும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது, ரிவர்ஸில் மட்டும் எதிர்ப்பக்கம், ஆகவே பல்லின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் மறுபக்கம் கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும். அந்தப் பக்கத்தை வரைந்து, கண்ணாடி போலத் திருப்பிப் போட்டு முழுப் பல்லையும் எடுத்தார். 4140 ஸ்டீலில், மின்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் வயர் கட். மாட்டும்போது உள் கியரை ஷாஃப்டோடு பூட்டுவது ஒரே ஒரு குட்டி இரும்புக் குண்டு. மேனுவலிலேயே தொலைத்துவிடாதே என்று எச்சரித்திருப்பார்கள், நான் தொலைத்தேன். ஷெட் தரையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

செலவு 600 டாலரைத் தாண்டியது, ஒரு பம்புக்கு இது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நண்பரின் டிரக் பின்னாலிருந்து தள்ள, இருபது மைல் வேகம் வந்ததும் 1ஐ அழுத்தியபோது எஞ்சின் தும்மிப் பிடித்துக்கொண்டதே, அந்த நொடியில் ரசீது மறந்துபோனது. இப்போது 9,000 மைல் ஆகிறது. போன இலையுதிர்காலத்தில் வேறு வேலைக்காக வால் பகுதியைக் கழற்றியபோது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன், இடைவெளி போட்டபோது இருந்ததேதான்.

பட்டன்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. 2 பட்டன் விரிசல் விட்டிருந்தது. சிலிகான் அச்சு எடுத்து ரெசின் ஊற்றி நானே செய்தேன், ரெசின் இறுகும்போது சுருங்கும் என்று கேள்விப்பட்டும் அலட்சியமாக விட்டேன், பட்டன் அதன் இடத்தில் லொடலொட என்றது. இரண்டாம் முறை அசலின் மேல் இரண்டு கோட் பிரைமர் அடித்து, அதிலிருந்து அச்சு எடுத்தேன், சரியாக உட்கார்ந்தது. எழுத்தின் வெள்ளை மட்டும் மற்ற நாலோடு சேரவில்லை. மற்றவை அறுபது வருடத்தில் மஞ்சளாகிவிட்டன, இது பளிச்சென்று இளிக்கிறது. டீத்தூள் தண்ணீர் வரை முயன்று பார்த்தாகிவிட்டது.

ஓட்டும் பழக்கம் ஒன்று. மிச்சிகன் குளிரில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வண்டி நிற்கிறது, அதற்குள் கன்வெர்ட்டரில் உள்ள ஆயில் பெட்டியின் அடியில் உள்ள தட்டுக்கு (பேன்) இறங்கிவிடும். ஏப்ரலில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் டி அழுத்தினால் ஒன்றுமே நடக்காது, உயிரே போய்விடும். இந்தப் பெட்டிகளில் பார்க்கில் கன்வெர்ட்டர் நிரம்பாது, நியூட்ரலில்தான் நிரம்பும். நியூட்ரலில் வைத்து ஒரு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் அழுத்துகிறேன். ஆயில் அளவையும் நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு மிச்சமிருப்பது பார்க் கேபிள். அதுவும் இறுகி வருகிறது, நெம்பைத் தள்ள இரண்டு விரல் போதாமல் உள்ளங்கை வேண்டியிருக்கிறது. கழற்றிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். முனைத் துளையைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார். தேயாத ஒன்று கிடைக்கும்வரை செய்யமாட்டாராம். அதுவரை வண்டிக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை போட்டு நிறுத்துகிறேன்.