டிசையர்: புதுசா, பழசா?

பெங்களூரில் கார் தேடும் நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்: மாருதி டிசையரில் புது மாடலா, செகண்ட் ஹேண்டில் முந்தைய மாடலா?

எஞ்சின்: 2024 நவம்பரில் வந்த புதியதில் மூன்று சிலிண்டர், அதற்கு முந்தையதில் நான்கு. சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், பழையதன் அமைதி கியர் கம்பியிலேயே தெரியும்.

பாதுகாப்பு: புதியதில் 6 ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். பழையதில் 2 ஏர்பேக்தான். குழந்தைகளோடு அடிக்கடி சேலம் போகிறவர்கள் இதற்காகவே புதியதை வாங்கலாம்.

விலை: பழையது மலிவு, சரி. ஆனால் ஓசூரில் டிஎன் 70 (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டி கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் கர்நாடகப் பதிவும் வரியும் சேரும். அதையும் கூட்டிப் பாருங்கள்.

தினசரி ஆபீஸ், கையில் பணம் குறைவு என்றால் பழையது, சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருந்தால் மட்டும்.