பூங்காப் பாதையா, காட்டுத் தடமா, ஓடுகளமா: எந்தத் தரையில் எந்தக் காயம்?

ஆண்டிறுதி நெட்டோட்டத்துக்குப் பயிற்சி செய்வோரிடையே முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், தார்ப் பாதையை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடச் சொல்லும் அறிவுரையும் உடனே வந்துவிடுகிறது. அது பாதிதான் சரி. மென்மையான தரையில் ஓடும்போது கால் தன்னையறியாமல் விறைத்துக்கொள்கிறது, கடினமான தரையில் சற்று நெகிழ்ந்துகொடுக்கிறது. ஆகவே தரையின் கடினத்தை மட்டும் வைத்துக் காயத்தைக் கணிக்க இயலாது. எந்தத் தரை உடலின் எந்தப் பகுதியில் சுமையை ஏற்றுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

சிங்கப்பூரில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளும் கிழக்குக் கடற்கரைப் பூங்கா, மேடுபள்ளம் இல்லாத சமதளம். கணுக்கால் பிசகும் வாய்ப்பு அங்கே குறைவு. வார இறுதிச் சைக்கிளோட்டிகளிடம் மட்டும் கவனம் தேவை. ஆனால் ஒரே மாதிரியான காலடி ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுவதால், முழங்கால் சில்லைச் சுற்றிய வலியும் கீழ்க்கால் எலும்பின் உட்புற விளிம்பு வலியும் அங்கே எளிதில் தலைகாட்டும். காலடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டினால் முழங்காலின் சுமை குறையும். கீழ்க்கால் வலி எலும்பு நெடுகப் பரவலாக இருந்து, உடல் சூடேறியதும் தணிந்தால், ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும்; அந்நிலையில் தரையை மாற்றிப் பயனில்லை, ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் காட்டுத் தடத்தில் வேர்களும் கற்களும் படிகளும் ஒவ்வோர் அடியையும் வேறுபடுத்துவதால், ஒரே இடத்தில் சுமை குவிவதில்லை. அதற்கு ஈடாகக் கணுக்கால் சுளுக்கு காத்திருக்கிறது, குறிப்பாக மழைக்குப் பிறகு. (குரங்குகள் தின்பண்டப் பையைப் பறிப்பது தனிக் கதை.) முன்பு சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகாமல் அங்கே வேகம் காட்டுவது சரியன்று. மேலும், ஏற்றம் குதிகால் தசைநாணையும் இறக்கம் முழங்காலையும் சோதிக்கும். முழங்கால் சில்லு வலி உள்ளவரைக் காட்டுக்கு அனுப்புபவர்கள் அந்த இறக்கங்களை மறந்துவிடுகிறார்கள்.

விளையாட்டரங்கின் 400 மீட்டர் ஓடுகளம் மென்மையானதுதான். எனினும் எப்போதும் இடப்பக்கமே வளைவதால் இரு கால்களுக்கும் சுமை சமமாக விழுவதில்லை; வேகப் பயிற்சிக்கென்றே பலர் அங்கு வருவதால் தொடையின் பின்தசையும் குதிகால் தசைநாணும் பாதிக்கப்படுகின்றன. காயத்திலிருந்து மீள்பவருக்கோ அதுவே நல்ல இடம்: வலி தெரிந்த நொடியில் நின்றுவிடலாம், வீடு திரும்ப நொண்டிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. இடிமின்னலும் புகைமூட்டமும் உள்ள நாள்களுக்கு டிரெட்மில் போதும்.

வலி ஏதுமில்லாத ஒருவர் கேட்டால், நான் பரிந்துரைப்பது ரயில் காரிடார். மலாயா ரயில் ஓடிய நிலம் 2011இல் சிங்கப்பூருக்குத் திரும்பியபின் உருவான அந்த 24 கிலோமீட்டர்ப் பாதையில் பெரும்பகுதி இறுகிய சரளை. ரயிலுக்காகச் சமன் செய்யப்பட்டதால் செங்குத்தான ஏற்றமும் குறைவு. வெயிலுக்கு ஒதுங்க நிழலில்லாத பகுதிகளும் உண்டு என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எந்தத் தரைக்கு மாறினாலும் முதல் சில வாரங்களில் வாரத்துக்கு ஓர் ஓட்டத்தை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மொத்தத் தூரத்தைக் கூட்டாதிருக்க வேண்டும். திடீர் மாற்றத்தை முதலில் உணர்வது பெரும்பாலும் குதிகால் தசைநாண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கிவிடலாம்.